திரும்பி வந்த எடைக்கு ஒரு பின்கவனிப்பு கிளினிக்: சேர்ந்து பார்த்தவரின் மதிப்பீடு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சில ஆண்டுகள் கழித்து மீண்டும் எடை ஏறியவர்களுக்கென்றே கோயம்புத்தூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை ஆறு மாதத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆபரேஷனை வேறு எங்கே செய்துகொண்டிருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் 24,000 ரூபாய். எண்டோஸ்கோபிக்கும் இரத்தப் பரிசோதனைகளுக்கும் தனியாகச் செலுத்த வேண்டும். அந்தத் திட்டத்தை முழுவதுமாக முடித்த பிறகே இதை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லும் நிறை குறைகளைக் கொண்டு எந்த ஊரிலுள்ள இத்தகைய கிளினிக்கையும் வாசகர்கள் மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

எனக்கு 2016-இல் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குறுகிய குழாயாக ஆக்கிவிடும் முறை அது. 118 கிலோவிலிருந்து 76-க்கு இறங்கினேன். பிறகு மெல்ல ஏறத் தொடங்கி 97-இல் வந்து நின்றது. ஆபரேஷன் செய்த இடத்தில் பின்கவனிப்பு ஓராண்டுக்கு மட்டுமே இலவசம். அந்த ஓராண்டில் பெரிய முயற்சி இல்லாமலே எடை இறங்கும் என்பதையும், உண்மையான கவனிப்பு தேவைப்படும் காலம் அதற்குப் பிறகே தொடங்குகிறது என்பதையும் அங்கே எவரும் விளக்கவில்லை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்த எஸ்ஓஎஸ் (ஸ்வீடிஷ் ஒபீஸ் சப்ஜெக்ட்ஸ்) ஆய்வு 2007-இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எடை மிகக் குறைவாக இருந்தது முதல் ஓரிரு ஆண்டுகளில்தான். இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவை நேரே சிறுகுடலுக்குத் திருப்பும் பைபாஸ் முறையைச் செய்துகொண்டவர்கள் அப்போது உடல் எடையில் சராசரியாக 32 சதவீதத்தை இழந்திருந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இரைப்பையை இறுக்கும் வளையம் பொருத்திக்கொண்டவர்களிடம் 20 சதவீதம் 14 ஆனது. ஸ்லீவ் அந்த ஆய்வில் இடம்பெறவில்லை என்றாலும் போக்கு அதுவே. ஆக, கொஞ்சம் எடை திரும்புவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. என்னைப் போல இழந்ததில் பாதி திரும்பியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். இந்த கிளினிக்கை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம், அவர்கள் அந்தத் தேடலிலிருந்து தொடங்கினார்கள் என்பதே.

எடை பார்க்கும் இயந்திரத்தைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்கிறாரே தவிர வராந்தாவுக்குக் கேட்கும்படி வாசிப்பதில்லை. காத்திருக்கும் இடத்தில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். பருமனான உடலோடு மருத்துவமனைகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இவை இரண்டும் சின்ன விஷயங்கள் அல்ல.

மருத்துவர் முதலில் பார்த்தது என்னை அல்ல, என் மருந்துச் சீட்டுகளை. இன்சுலின், சில வகை சர்க்கரை மாத்திரைகள், மனநலத்துக்கான சில மருந்துகள், ஸ்டீராய்டு ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை என்பதால், மூட்டு வலிக்காக இடையிடையே நான் எடுத்துக்கொண்ட மாத்திரைகளின் அட்டையைக்கூட எடுத்துவரச் சொன்னார். தைராய்டு அளவும் மாதவிடாய் நின்ற காலமும் கேட்கப்பட்டன. அதன் பின்னரே இரைப்பைக்கு வந்தார். பேரியம் கலந்த சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திரவத்தை நின்றபடி குடிக்க வைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே திரையில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். குழாய் மேல்பக்கம் சற்று விரிந்திருந்தது. ஆனால் இவ்வளவு எடை ஏறியதற்கு அந்த விரிவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டாவது ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க நினைக்கும் இடமாக இருந்திருந்தால், அந்தப் படம் ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

உடல் ஏன் எடையைத் திரும்பக் கேட்கிறது என்பதையும் அவர் நிதானமாக விளக்கினார். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிடுவதால் தொடக்கத்தில் பசி மிகவும் அடங்கிவிடுகிறது. அந்த அடக்கம் எல்லோருக்கும் அதே அளவில் நீடிப்பதில்லை. எடை குறைந்த உடல், முன்பைவிடக் குறைந்த ஆற்றலிலேயே தன் வேலைகளை முடித்துக்கொள்ளவும் பழகிவிடுகிறது. ‘வாயைக் கட்ட முடியாதா’ என்று உறவினர் கேட்கும் கேள்விக்கு விடை இதில் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி டயட்டீஷியனின் மேசையில் கிடைத்தது. திட்டத்தின் சிறந்த பகுதி என்று இதைச் சொல்வேன். வீட்டில் பயன்படுத்தும் டம்ளரையும் கிண்ணத்தையும் கரண்டியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். அவற்றில் தண்ணீர் ஊற்றி அளந்து, எந்தக் கிண்ணம் எத்தனை மில்லி என்று அடியில் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுத்தார் அந்த இளம்பெண். பிறகு, “மூணு வேளைச் சாப்பாட்டை விடுங்க மேடம், நடுவுல என்னென்ன போகுதுன்னு மட்டும் எழுதிட்டு வாங்க” என்றார். எழுதிப் பார்த்தபோது சாப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டு இட்லிக்கு மேல் இன்றும் இறங்காது. பதினொரு மணிக் காப்பியோடு பிஸ்கட், நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி மிக்சர், சமைக்கும்போது வாயில் போட்டுக்கொள்ளும் முறுக்கு என்று நாள் முழுவதும் கொறித்தவைதான் பட்டியலை நிரப்பின.

குழாய்போன்ற இரைப்பையில் கெட்டியான உணவு தங்கி, வயிறு நிறைந்த உணர்வைத் தரும். நொறுங்கிக் கரையும் பண்டங்களும், குழைத்துத் தண்ணீராக்கிய சோறும் தங்காமல் வழுக்கிப் போய்விடும். நம் வீடுகளில் ரசம் சாதத்தையும் மோர் சாதத்தையும் வயிற்றுக்கு இதமானவை என்று நினைத்து, ஆபரேஷன் ஆனவருக்குப் பரிந்து பரிந்து ஊட்டுகிறோம். முதல் சில வாரங்களுக்கு அது சரி. ஆண்டுக்கணக்கில் அதுவே தொடர்ந்தால், சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் கை மிக்சர் டப்பாவைத் தேடும். பொரியல், சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றை முதலில் மென்று தின்றுவிட்டுச் சோற்றுக்கு வர வேண்டும், உணவோடும் உணவு முடிந்த அரை மணி நேரத்துக்கும் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளை மட்டுமே முதல் மாதத்துக்குக் கொடுத்தார்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது இலக்கு. ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் என்ற கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால், நம் காலை உணவை அப்படியே வைத்துக்கொண்டு அந்த இலக்கை எட்டுவது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

இரத்தப் பரிசோதனையில் பி12-உம் இரும்புச்சத்தும் குறைந்திருந்தன. ஸ்லீவ் செய்தவர்கள் விட்டமின்களை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, காப்பி டீயோடும் இரும்பைச் சேர்க்கக் கூடாது. இதற்கென நேரம் குறித்த ஓர் அட்டை தருகிறார்கள், பயனுள்ளது.

பசியைக் குறைத்து எடையை இறக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். டிர்செபடைட் அடங்கிய மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும், செமாக்ளூடைட் அடங்கிய வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. ஆபரேஷனுக்குப் பின் எடை திரும்பியவர்களுக்கும் இவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். எனக்கும் அந்த வாய்ப்பு சொல்லப்பட்டது. உணவில் மாற்றம் செய்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்றேன், வற்புறுத்தவில்லை. ஆனால் இங்கே ஒரு குறை உண்டு. செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ‘ஸ்டெப் 1’ ஆய்வின் தொடர்ச்சியில் பதிவாகியிருக்கிறது. மாதச் செலவை விளக்கிய கவுன்சலர், எத்தனை ஆண்டுகளுக்கு அந்தச் செலவு என்ற பேச்சைத் தானாக எடுக்கவில்லை. நான் கேட்ட பிறகே மருத்துவர் பேசினார்.

ஸ்லீவைப் பைபாஸாக மாற்றும் மறு ஆபரேஷன், கடுமையான நெஞ்செரிச்சலும் சேர்ந்து உள்ளவர்களுக்கே அதிகம் பொருந்தும் என்றும், முதல் ஆபரேஷனைவிட அதில் சிக்கல்கள் கூடுதல் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். காப்பீட்டை நம்பி இந்த முடிவுக்குப் போக வேண்டாம். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) குறைந்தது 40 இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 35 இருந்து இதய நோய், தீவிரமான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்ற ஒன்று உடனிருக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொதுவான நிபந்தனை. என் பிஎம்ஐ அப்போது 38-ஐ ஒட்டி இருந்தது, உடன் நோய் எதுவும் இல்லை. கிளினிக்கின் இன்சூரன்ஸ் மேசையோ ‘கிடைத்துவிடும்’ என்று எளிதாகச் சொன்னது.

வேறு குறைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் மருத்துவமனை மருந்தகத்தின் புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டுகிறார்கள். கொண்டைக்கடலையும் முட்டையும் உண்ண முடிகிறவருக்கு அது எதற்கு என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. கிண்ணம் அளந்த அந்த டயட்டீஷியன் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட, புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கும் மனநல ஆலோசகரை நான் ஒருமுறையும் சந்திக்கவில்லை. குழுக் கூட்டங்கள் வேலைநாளில் முற்பகலில் நடப்பதால், அலுவலகம் செல்பவர்கள் வருவதேயில்லை.

திட்டம் முடியும்போது என் எடை 90. சுவரில் மாட்டியிருக்கும் ‘முன்–பின்’ படங்களோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆண்டுக்கணக்கில் ஏறிக்கொண்டே வந்தது நின்று இறங்கியிருக்கிறது என்பதால் நான் நிறைவாகவே இருக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

சேர நினைப்பவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த அளவுக் குழாயை அளவுகோலாக உள்ளே வைத்து இரைப்பையைத் தைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். பழைய மருத்துவமனைகள் அதைத் தேடித் தருவதற்கு வாரக்கணக்கில் இழுத்தடிக்கின்றன, அது இல்லாமல் இங்கே பேரியம் படத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிவதில்லை.