யூஎஸ்பி கருவிகளுக்கு வைத்த பெயர் ஏன் நிலைப்பதில்லை?

ஒரே கணினியில் இரண்டு ஹெட்செட், ஒரு வெப்கேம், தனி மைக் என்று சேர்ந்துவிட்டால், ஆடியோ பட்டியலில் பாதிக்கு மேல் 'யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்' என்றே இருக்கும். பெயரை மாற்றுவது சுலபம்தான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய்க் கருவியைத் திறந்தால் 'ரீநேம்' கிடைக்கும். ஆனால் நாள்பட்ட பயன்பாட்டில் அந்தப் பெயர் நிலைக்கிறதா என்பதுதான் கேள்வி.

பல கருவிகளில் நிலைப்பதில்லை. வேறு போர்ட்டில் செருகியதும் '2- யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்' என்று புதிதாக ஒன்று முளைக்கும். வைத்த பெயர் அதில் இருக்காது. காரணம், ஒவ்வொரு கருவிக்கும் தனியாகத் தரப்படும் சீரியல் எண் அதில் இல்லாதது. தயாரிப்பாளர் எண், மாடல் எண், சீரியல் எண் மூன்றையும் வைத்துத்தான் விண்டோஸ் ஒரு கருவியை அடையாளம் காண்கிறது. சீரியல் இல்லையென்றால் செருகிய போர்ட்டையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும்.

இதை வாங்கிய அன்றே சோதித்துவிடலாம். டிவைஸ் மேனேஜரில் கருவியின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெயில்ஸ் பகுதியில் 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்' பாருங்கள். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் இரண்டாவது எழுத்து '&' என்றால், அது விண்டோஸ் தானே உருவாக்கிய எண். ஹெட்செட், வெப்கேம் போன்றவற்றில் 'யூஎஸ்பி காம்போசிட் டிவைஸ்' என்ற தாய்க் கருவியில்தான் பார்க்க வேண்டும்; உட்பிரிவுகளில் எப்போதும் '&' இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சீரியல் இல்லாதவற்றுக்கு ஒரே வழி, போர்ட்டை நிரந்தரமாக ஒதுக்குவது. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் ஒரே எண்ணை ஒட்டி, அதே எண்ணைத் திரைப் பெயரிலும் சேருங்கள்: '3 மீட்டிங் மைக்'. கேபிளில் ஒட்டும் லேபிளைக் கொடிபோல மடித்து, பிளக்கிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி ஒட்டினால் செருகும்போது விரல் படாது. சாதாரணக் காகித ஸ்டிக்கர் சூட்டில் பசை இளகி வழுக்கும்; பிளாஸ்டிக் டேப் நல்லது.

லினக்ஸில் ஆர்டுயினோ போன்ற போர்டுகளைச் செருகினால் வரும் சீரியல் போர்ட்டுகளுக்கு, கருவியின் அடையாளத்தை வைத்துப் பெயரிடும் 'பை-ஐடி' (/dev/serial/by-id) கோப்புறையில் உள்ள பெயரைப் பயன்படுத்துங்கள். சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் உள்ள மலிவு போர்டுகள் பெரும்பாலும் சீரியல் இல்லாமல் வருவதால், இரண்டு இருந்தால் அங்கே ஒன்றுதான் தெரியும். அப்போது செருகிய போர்ட்டை வைத்துப் பெயரிடும் 'பை-பாத்' தான் கைகொடுக்கும்.

டிரைவுகளுக்கு, டிரைவிலேயே பதியும் பெயரான வால்யூம் லேபிளே போதும். என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் 32 எழுத்து வரை இடமுண்டு, எக்ஸ்ஃபேட்டில் 11 மட்டுமே. தமிழில் வைத்தால் கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும் என்பதால் சுருக்கமாக வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு லேபிள் ஒட்ட வேண்டியது பவர் அடாப்டர்களுக்கு. 5.5 மி.மீ. வட்ட பிளக் 5 வோல்ட் ஹப்பிலும் இருக்கும், 12 வோல்ட் டிரைவ் பெட்டியிலும் இருக்கும். மாற்றிச் செருகினால் ஹப் கருகிவிடலாம். அடாப்டரிலும், கருவியில் பிளக் நுழையும் துளைக்குப் பக்கத்திலும் கருவியின் பெயரையும் வோல்ட்டையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.