அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்கித் தருபவரை நம்பலாமா? என்எம்எல்எஸ் கன்ஸ்யூமர் ஆக்சஸ் தளம் பற்றி

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்த என் தங்கைக்காக, இங்கே கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்தபடி நான் பயன்படுத்திய தளம் இது. அங்கே பிள்ளைகளோ கூடப்பிறந்தவர்களோ இருக்கிற எல்லோருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து தருகிறவர் லைசென்ஸ் வாங்கியவர்தானா, எந்தெந்த மாநிலத்தில் வாங்கியிருக்கிறார், அவர் மேல் அரசு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசு கிடையாது.

மாப்பிள்ளைக்கு அங்கிருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அறிமுகமானார். நல்ல தமிழ், கனிவான பேச்சு, வட்டியும் மற்றவர்களை விடக் குறைத்துச் சொன்னார். "அண்ணா, நீங்களும் ஒருக்கா பேசிப் பாருங்க, நம்ம ஊர்க்காரராட்டமே இருக்காரு" என்றாள் தங்கை. நான் பேசவில்லை, அவர் அனுப்பிய மின்னஞ்சலை அனுப்பச் சொன்னேன். அடியில் பெயரோடு ஒரு என்எம்எல்எஸ் எண், அதாவது கடன் ஏற்பாடு செய்கிறவர்களின் பதிவேட்டில் அவருக்கான எண், இருந்தது. இந்த எண் ஒருவருக்கு ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் மாறாது. அதைத் தளத்தில் போட்டு, படத்தில் தெரிகிற எழுத்துகளை அடித்தால் அவருடைய பக்கம் திறக்கிறது. அலுவலக முகவரி, இதற்கு முன் வேலை பார்த்த இடங்கள், அப்புறம் மாநில வாரியாக லைசென்ஸ் விவரம். இவருக்கு கலிபோர்னியா இருந்தது, டெக்சாஸ் இல்லை. மாப்பிள்ளை கேட்டதற்கு, விண்ணப்பம் போட்டிருக்கிறேன், சீக்கிரம் வந்துவிடும் என்றாராம். வந்தும் இருக்கலாம். ஆனால் வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே லைசென்ஸோ, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது கிடைக்கிற தற்காலிக அனுமதியோ இல்லாமல் இவரைப் போன்ற ஒருவர் கடன் விண்ணப்பம் வாங்கக் கூடாது, அதைத் தெரிந்துகொண்டே வாங்க வந்தவரிடம் மூன்று வருஷச் சம்பளக் கணக்கைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த லைசென்ஸ் சும்மா கிடைப்பதில்லை. 2008-ல் அங்கே வீட்டுக் கடன்கள் சரிந்து ஊரே அல்லாடியபோது சேஃப் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் மாநிலங்களின் வேலை, ஆனால் குறைந்தபட்சத் தகுதி நாடு முழுக்க ஒன்றுதான். 20 மணி நேர வகுப்பு, அதில் 3 மணி நேரம் நேர்மை பற்றியே. தேர்வில் 75 சதவீதம் எடுக்க வேண்டும். கைரேகை, குற்றப் பின்னணி, அவருடைய சொந்தக் கடன் வரலாறு எல்லாம் பார்ப்பார்கள். மோசடிக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு இந்தத் தொழிலே கிடையாது. வருஷா வருஷம் 8 மணி நேரம் படித்துப் புதுப்பிக்க வேண்டும். இதிலும் ஏமாற்றியவர்கள் உண்டு. வகுப்புக்குப் போகாமலே போனதாகக் கணக்குக் காட்டிய 441 பேரை 42 மாநிலங்கள் சேர்ந்து பிடித்து, 2022 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தன. மூன்று மாதம் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1,000 டாலர் அபராதம். வகுப்பில் உட்காராததற்கே இது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இங்கே நம் பக்கத்து நிலைமையை நினைத்தால் வயிறு எரிகிறது. நிலம் கேரளத்தில், வேலை பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ, ஆதாரமோ (நிலப் பத்திரம்) மலையாளத்தில். வில்லேஜ் ஆபீஸுக்கும் பேங்குக்கும் லீவு போட்டு அலைய முடியாதவர்கள் கரம் (நில வரி) கட்டின ரசீது, கைவசச் சான்று, முன்னாதாரம் (பழைய பத்திரம்) என மொத்தத்தையும் லோன் ஏஜென்ட் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஆதாரத்தை எழுதினவருக்குப் பதிவுத்துறை லைசென்ஸ் உண்டு. அதையே பையில் போட்டுக்கொண்டு பேங்க் பேங்காகப் போகிறவருக்கு ஒரு விசிட்டிங் கார்டுதான் உண்டு. என் பெரியப்பா மகனிடம் ஒருவர் ஃபைல் சார்ஜ் என்று ரொக்கமாக வாங்கினார், பேங்கில் கேட்டால் அப்படி ஒரு கட்டணமே எங்களிடம் இல்லை என்றார்கள். ஏஜென்ட் செய்வதற்குக் கடன் கொடுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, சரி, ஆனால் பெயரைப் போட்டு இந்த ஆள் யார் என்று பார்க்க இப்படி ஒரு பொதுப் பதிவேடு நமக்கு இல்லையே.

இருப்பதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வீட்டுக் கடனுக்கு முக்கிய விவரப் பத்திரம் கொடுத்தாக வேண்டும், எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. பேங்கில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், 14448-ல் கூப்பிட்டு எப்படி என்று கேட்கலாம்.

தளத்துக்கு வருகிறேன். குறை இல்லாமல் இல்லை. முழுக்கச் சட்ட ஆங்கிலம், லைசென்ஸ் நிலையைச் சொல்லும் சொற்களில் எது நடப்பில் இருக்கிறது, எது நின்றுபோனது என்று முதலில் குழப்பும். வட்டி, கட்டணம் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்கு விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளுக்குள் அவர்கள் அனுப்பியாக வேண்டிய மதிப்பீட்டுத் தாளைத்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பெரிய குறையாகப் படுவது இன்னொன்று: பேங்க் ஊழியராக இருந்தால் பதிவு மட்டும்தான், அந்த மாநிலத் தேர்வும் வகுப்பும் அவருக்குக் கட்டாயம் இல்லை, அவருக்கும் எண் இருக்கும் என்பதால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். அதனால் எண் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், கீழே இறங்கி மாநில வாரியான லைசென்ஸ் விவரத்தையும், நடவடிக்கை என்ற பகுதியையும் கட்டாயம் படியுங்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த ஒன்றைக் குறைத்தது இதற்காகத்தான்.