கிரிஞ்சுக்கு எதற்கு பிளாஷ்பேக்?

கிறிஸ்துமஸைப் பிடிக்காமல் ஊர்க்காரர்களின் பரிசுகளைத் திருடப்போகிற சிடுமூஞ்சி கிரிஞ்சின் கதையை 2000-இல் நடிகர்களை வைத்து எடுத்தார்களே, அது தேவலையா, இல்லை 2018-இல் வந்த அனிமேஷன் தேவலையா, விடுமுறையில் பிள்ளைகளுக்கு எதைப் போடலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் வேண்டாம் என்றேன். ஏன் இவ்வளவு கோபம் என்றார். அதற்கான பதில்தான் இது.

வருஷக்கணக்காக இந்த விடுமுறைப் படங்கள் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. ஒரே கதையின் மூன்று வடிவம், நான்கு வடிவம் என்று பார்த்தாகிவிட்டது. யார் நடித்தது, கதை என்ன என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பழைய குழந்தைக் கதையைப் புதிதாக எடுக்கிற ஒவ்வொரு முறையும், அதில் வரும் கெட்டவனுக்கு ஒரு சோகமான இளமைக்காலத்தை ஒட்டிவிடுகிறார்கள். அது ஏன்?

அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1957-இல் எழுதிய மூலப் புத்தகத்தில் கிரிஞ்சுக்கு ஏன் பண்டிகை பிடிக்காது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. கதையே அப்படித்தான் சொல்கிறது. தலை சரியாகத் திருகப்படாமல் இருக்கலாம், காலணி இறுக்கிப் பிடித்திருக்கலாம், எல்லாவற்றையும்விட, அவன் இதயம் இரண்டு அளவு சின்னதாக இருப்பதே காரணமாக இருக்கலாம். அவ்வளவுதான். அடுத்த பக்கம் போய்விடலாம். அதைக் கேட்கும் எந்தக் குழந்தையும் "ஏன் சின்னதாச்சு?" என்று மடக்கி நான் பார்த்ததில்லை. சிடுமூஞ்சிகள் உலகத்தில் உண்டு என்பது குழந்தைகளுக்குத் தெரியும். கதை அங்கிருந்து எங்கே போகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

2000-இல் ரான் ஹோவர்ட் எடுத்த படம் 104 நிமிடம். சின்னப் பிள்ளைக்குத் தைத்த சட்டையை இழுத்துப் பிடித்துப் பெரியவருக்கு மாட்டிவிட்டதுபோல இருக்கும். கிரிஞ்ச் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள், பிடித்த பெண்ணுக்குப் பரிசு கொண்டுபோனவனை வகுப்பே சிரித்தது, அதனால் மலைக்கு ஓடிப்போனான் என்று ஒரு முழுப் பிளாஷ்பேக். சிண்டி லூ என்கிற சிறுமி ஊரில் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்து இதையெல்லாம் தெரிந்துகொள்கிறாள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஜிம் கேரி அந்த ஒப்பனைக்குள் இருந்துகொண்டு செய்வதை வேறு யாராலும் செய்ய முடியாது. கன்னம், புருவம், மூக்கு என்று ஒவ்வொன்றும் தனியாக நடிக்கின்றன. ரிக் பேக்கர் குழுவின் அந்த ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது சரிதான். தன் குகையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு, அன்றைய வேலைகளை வரிசையாகப் பட்டியல் போடுகிற காட்சிக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் எல்லாரும் சிரிக்கிறோம்.

ஆனால் அந்தப் பிளாஷ்பேக் செய்கிற கெடுதல் நேரத்தை இழுப்பதோடு நிற்கவில்லை. பழியை இடம் மாற்றிவிடுகிறது. மூலக் கதையில் ஊர்க்காரர்கள் ஒரு தப்பும் செய்யாதவர்கள். பரிசு, விருந்து, அலங்காரம் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் திருட்டுப் போன பிறகும், விடிந்ததும் கைகோத்து நின்று பாடுகிறார்கள். கதையின் உயிரே அந்தப் பாட்டுதான். மலையுச்சியில் காதைத் தீட்டிக்கொண்டு அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறவனுக்குப் பாட்டுச் சத்தம் கேட்கிறது. கதை முழுவதிலும் மாற வேண்டிய ஆள் அவன் ஒருவன்தான். 2000 படத்திலோ ஊரே பேராசை பிடித்துக் கிடக்கிறது. யார் வீட்டு விளக்கு அதிகம் என்று போட்டி போடுகிறார்கள். ஒரு சின்னப் பையனை விரட்டியடித்தவர்களும் அவர்களேதான். அப்படியானால் அவன் திருடியது சரிதானே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். கடைசியில் ஊர் பாடும்போது, அது தானும் இப்போதுதான் பாடம் கற்றுக்கொண்டு பாடுகிற ஊர். அந்தப் பாட்டுக்கு இருந்த பலம் போய்விட்டது.

2018 படம் கொஞ்சம் சாது. அதில் கிரிஞ்ச் பண்டிகை நாளிலும் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அநாதைப் பையன். பனியும் வெளிச்சமும் கண்ணுக்கு அழகு, கிரிஞ்சின் நாய் மேக்ஸ் கொள்ளை அழகு. ஆனால் இவனுக்குக் கோபமே இல்லை, வருத்தம்தான் இருக்கிறது. வருத்தப்படுகிறவன் மாறுவதில் பெரிய அதிசயம் என்ன இருக்கிறது?

இது கிரிஞ்சோடு நிற்கவில்லை. ரோல்ட் டால் 1964-இல் எழுதிய சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் வில்லி வோங்காவுக்கு அப்பா என்று ஒருவர் வருவதே இல்லை. டிம் பர்ட்டன் 2005-இல் எடுத்தபோது பல் மருத்துவர் அப்பா ஒருவர் முளைத்தார். பையனின் சாக்லேட்டை நெருப்பில் போடும் கண்டிப்பான அப்பா. கிறிஸ்டோஃபர் லீ அருமையாக நடித்திருக்கிறார், அதில் குறையில்லை. ஆனால் புத்தகத்தில் வோங்காவைப் பார்த்து எழும் அந்த மெல்லிய பயம், இவர் நல்லவரா, ஆபத்தானவரா என்கிற அந்தத் தவிப்பு, அப்பாவும் பிள்ளையும் கட்டிக்கொண்டதும் கரைந்துவிடுகிறது. தூங்கும் அழகியின் கதையில் சாபம் கொடுத்த தேவதைக்கு 2014-இல் ஒரு தனிப்படமே வந்தது. விருந்துக்குக் கூப்பிடவில்லை என்று கோபப்பட்டவள் அவள். எந்தக் குழந்தைக்கும் உடனே புரிகிற காரணம் அது. அது போதவில்லையாம், சிறகை வெட்டிய துரோகம் ஒன்று தேவைப்பட்டது. டால்மேஷன் நாய்க்குட்டிகளின் தோலுக்கு ஆசைப்பட்ட க்ருவெல்லாவுக்கு 2021-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? அவள் அம்மாவை டால்மேஷன் நாய்களே மலைவிளிம்பிலிருந்து தள்ளிவிட்டதாகக் காட்டினார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

சரி, பிளாஷ்பேக்கே கூடாது என்கிறேனா? இல்லை. டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட, ஸ்க்ரூஜ் என்கிற கஞ்சக் கிழவன் திருந்துகிற 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையின் பாதி பலமே பிளாஷ்பேக்கில்தான் இருக்கிறது. 1901-இல் வந்த சில நிமிட மௌனப்படத்திலேயே கதவுப் பிடியில் ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லியின் முகம் தெரியும்படி தந்திரக்காட்சி செய்திருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை ஸ்க்ரூஜ்கள்! காப்புரிமை முடிந்துபோன கதை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கதையின் கட்டமைப்பு. நேற்று, இன்று, நாளை என்று மூன்று ஆவிகள் வந்து ஒரு முழுநீளப் படத்துக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்துவிடுகின்றன. வெளியிலிருந்து எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. டிக்கன்ஸின் பிளாஷ்பேக்கைப் பார்ப்பது ஸ்க்ரூஜ். ஆவி அவனைப் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறது. விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட, ஒரு சிறுவன் மட்டும் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான். தன்னையே பார்த்து ஸ்க்ரூஜ் அழுகிறான். அழுதவுடன் அவனுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நேற்று ராத்திரி தன் வாசலில் ஒரு பையன் பாட வந்தானே, அவனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாமே என்று. தன் சோகத்திலிருந்து ஒரே எட்டில் இன்னொரு பையனிடம் போய்விடுகிறான். புதுப் படங்களின் பிளாஷ்பேக் கெட்டவனுக்காக நம்மிடம் வாதாடுகிறது. டிக்கன்ஸின் பிளாஷ்பேக் அவனைப் பிடித்து உட்காரவைத்து அவனிடமே காட்டுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் எந்தப் புதுவடிவம் உருப்படும், எது உருப்படாது என்று முதல் அரை மணி நேரத்திலேயே சொல்லிவிடலாம்.

ஸ்க்ரூஜ்களில் எங்கள் வீட்டு ஆள் மைக்கேல் கெய்ன். 1992-இல் வந்த மப்பெட் வடிவம். சுற்றிலும் துணிப் பொம்மைகள், தவளை, பன்றி, எலி. நடுவில் இவர் மட்டும் கண்ணைச் சிமிட்டாமல், நாடக மேடையில் நிற்கிற தீவிரத்தோடு நடிக்கிறார். நீல மூக்கு கோன்சோ டிக்கன்ஸாக வந்து கதை சொல்வதால், புத்தகத்தின் வாக்கியங்கள் பல அப்படியே காதில் விழுகின்றன. பொம்மைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் டிக்கன்ஸின் வரிகளை மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்பது எனக்கு இன்றுவரை தீராத சந்தோஷம். கதவருகே பாட வந்து ஸ்க்ரூஜிடம் விரட்டு வாங்கிய குட்டி முயலைத்தான், கடைசியில் அவர் காசு கொடுத்து வான்கோழி வாங்கிவர அனுப்புகிறார். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதிலும் ஒரு எரிச்சல் உண்டு, அது படத்தின் மேல் இல்லை. இளம் ஸ்க்ரூஜை விட்டு அவன் காதலி பெல் பிரிந்து போகும்போது ஒரு பாட்டுப் பாடுவாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று நினைத்துத் திரையரங்கு வடிவத்தில் அதை வெட்டிவிட்டார்கள். வீடியோ கேசட்டில் இருந்தது. பிறகு பல வடிவங்களில் மறுபடி காணாமல் போனது. தொலைந்ததாக நினைத்த படச்சுருள் கிடைத்து, 2022-இல்தான் அந்தப் பாட்டோடு ஒழுங்கான முழு வடிவம் வந்தது. நான் பார்க்கிற தளத்தில் படத்தின் பெயரை அழுத்தினால் ஓடுவது இன்னமும் பாட்டு இல்லாத வடிவம்தான். முழுவதைக் கூடுதல் பகுதிக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது. பாட்டு இல்லாவிட்டால் பெல் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறாள், அடுத்த நொடி எலி ரிஸ்ஸோ தேம்பி அழுகிறது. எதற்கு அழுகிறது என்றே புரியாது. படத்தின் முடிவில் ஸ்க்ரூஜே பாடுவது அந்தப் பிரிவுப் பாட்டின் மெட்டை மாற்றிப்போட்ட பாட்டு. முதலாவதைக் கேட்காதவருக்கு இரண்டாவது வெறும் கோரஸ். அந்த இடத்தில் சின்னதுகள் எழுந்து ஓடுவது உண்மைதான். ஓடட்டுமே, திரும்பி வருவார்கள். இதே ஆட்கள் வேண்டாத பிளாஷ்பேக்குகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள், வேண்டிய பிளாஷ்பேக்கில் நான்கு நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

அப்புறம் உயிர் பெறும் மரப்பொம்மை பினாக்கியோ. 2022-இல் மட்டும் மூன்று பினாக்கியோக்கள் வந்தன. இத்தாலிய எழுத்தாளர் கொல்லோடி 1881-இல் இதைத் தொடர்கதையாக எழுதத் தொடங்கியபோது, அந்தப் பொம்மையைச் செதுக்கும் கிழவர் ஜெப்பெட்டோ பொம்மை செய்வதற்குச் சொன்ன காரணம் ரொம்ப எளிது. ஆடிக் குட்டிக்கரணம் போடும் பொம்மை ஒன்றைச் செய்து, அதோடு ஊர் ஊராகப் போய் ஒரு துண்டு ரொட்டிக்கும் ஒரு குவளை ஒயினுக்கும் வழி தேடலாம் என்பதுதான். ஆனால் 2022-இல் டாம் ஹாங்க்ஸ் நடித்த படத்திலும், கியெர்மோ டெல் டோரோவின் படத்திலும் ஜெப்பெட்டோவுக்கு ஒரு மகன் இருந்து இறந்துபோயிருக்கிறான். இப்போது நல்லவர்களுக்கும் பிளாஷ்பேக் வந்துவிட்டது!

முதல் படத்தில் அந்த மகன் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். நாம் ஜெப்பெட்டோவைப் பார்த்து உச் கொட்ட வேண்டும் என்பதற்காக வைத்தது. டெல் டோரோ படத்தில் மகன் கார்லோ குண்டு விழுந்து சாகிறான். குடித்துவிட்டு, அழுது, ஆத்திரத்தில் மரத்தை வெட்டிச் செதுக்குகிறார் ஜெப்பெட்டோ. பிறந்த பொம்மையைக் கார்லோவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நீ ஒரு பாரம் என்று அதன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார். செத்த மகனைப் பற்றிய நினைவு அவருக்குச் சாக்காகவில்லை, அவர் செய்கிற தப்பின் வேராகிறது. அந்தப் பிளாஷ்பேக்குக்கு நான் முழு மனதோடு தலையாட்டுகிறேன். முசோலினியின் இத்தாலியில் கதையை நிறுத்தி, எல்லாரும் சொன்னபடி கேட்கிற நாட்டில் சொன்னபடி கேட்காத ஒரே ஜீவன் இந்த மரப்பொம்மை என்று காட்டியது பெரிய யோசனை. ஆணி அடித்த, பாதி செதுக்கிய, வண்ணம் பூசாத அந்த உருவம் முதல் ஐந்து நிமிடம் பயமுறுத்தும், பிறகு மனத்தை விட்டுப் போகாது. 2023-இல் அதற்குக் கிடைத்த ஆஸ்கர் தகுதியானதுதான். பழைய கதைகளின் புதுவடிவங்களில் நான் பார்த்தவற்றுள் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை.

ஆனாலும் விடுமுறை நாளில் இதைப் போடாதீர்கள். குழந்தைகள் பொறுப்பார்கள், பெரியவர்கள்தான் அழுது பண்டிகையைக் கெடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு 1966-இல் சக் ஜோன்ஸ் தொலைக்காட்சிக்காக எடுத்த கிரிஞ்ச் கார்ட்டூனைப் போடுங்கள். போரிஸ் கார்லாஃப் கதை சொல்கிறார், கிரிஞ்சின் குரலும் அவரே. கெட்ட யோசனை பிறக்கும் நொடியில் வாயோரத்தில் தொடங்கும் இளிப்பு மெல்ல மெல்ல முகம் முழுக்கப் பரவுவதைப் பாருங்கள். தலையில் ஒற்றைக் கொம்பைக் கட்டிக்கொண்டு அந்தப் பாவப்பட்ட நாய் வண்டியிழுப்பதைப் பாருங்கள். அப்பா இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, அநாதை இல்லம் இல்லை. மொத்தம் 26 நிமிடம். முடிந்ததும் பிள்ளைகள் இன்னொரு தடவை கேட்பார்கள், போடுங்கள். இரண்டு தடவை ஓடி முடித்தாலும் 2000 படத்தில் பாதி நேரம்தான் ஆகியிருக்கும்.