பச்சை டிக்கை நம்பி 26 நாள் கணக்கைத் தொலைத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு கடைக் கணக்கையும் கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்த ஆளின் பெயரும் அவர் ஆபீஸின் பெயரும் இதில் வராது. கேட்டு மெசேஜ் போட வேண்டாம். பெயரைவிட, அவர் எங்களிடம் செய்துவிட்டுப் போன வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். ஏனென்றால் அதே வேலையை அதே மாதிரி செய்கிறவர்கள் பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் வரை இருக்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு பைப், மோட்டார் ஸ்பேர் கடை. பொள்ளாச்சியில் தம்பி பார்த்துக்கொள்ளும் இன்னொரு கடையும் குடோனும். நடுவில் கோபாலபுரத்தில் தமிழ்நாடு-கேரள எல்லை. வண்டியில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் ஜிஎஸ்டிக்கு அது இரண்டு உலகம். பொள்ளாச்சிக் கடையின் எண் 33-ல் தொடங்கும், எங்களுடையது 32-ல். பான் கார்டு ஒன்றுதான் என்றாலும் சட்டம் இரண்டையும் தனித்தனி ஆளாகவே பார்க்கிறது. என் பைப்பை என் கடைக்குக் கொண்டுவரவே வரி போட்ட பில் வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில்லும் (சரக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) வேண்டும். அடுப்படியிலிருந்து திண்ணைக்குச் சோறு கொண்டு போகிறதற்கு பில் போடுகிற கதை. அதனால் இரண்டு பக்கக் கணக்கும் தினமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் ராத்திரி எட்டரைக்கு தம்பி போனில் ஸ்டாக்கைப் படிப்பான், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அரை மணி நேரம் ஆகும். சலிப்பான வேலைதான்.

ஜூன் மாதம் ஒரு வாடிக்கையாளர் மூலமாக இந்த ஆள் வந்தார். பொள்ளாச்சி லேப்டாப்பில் இருக்கிற பழைய பில்லிங் சாப்ட்வேரையும், நாங்கள் இங்கே பிரவுசரில் திறக்கிற கிளவுட் சாப்ட்வேரையும் தினமும் தானாக சிங்க் ஆக, அதாவது இரண்டிலும் ஒரே கணக்கு இருக்கும்படி, வைத்துவிடுவதாகச் சொன்னார். (எங்கள் கடையில் சிங்க் என்றால் பாத்திரம் கழுவுகிற ஸ்டீல் தொட்டிதான். தம்பிக்கு இதைப் புரியவைக்கவே ஒரு நாள் ஆயிற்று.) அமைத்துக் கொடுக்க 18,000 ரூபாய், அப்புறம் மாதம் 1,200. "ஆட்டோமேட்டிக் ஆணு சேட்டா, ஒன்னும் நோக்கண்டா" (ஒன்றும் பார்க்க வேண்டாம்) என்றார். அந்த "ஒன்னும் நோக்கண்டா" என்பதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன், பாருங்கள், அதுதான் என் பங்குக்கு நான் செய்த தப்பு.

அமைத்த அன்று எங்கள் முன்னால் ஒரு பட்டனை அமுக்கினார். இரண்டே நிமிடத்தில் பொள்ளாச்சி ஸ்டாக் இங்கே திரையில் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷம், டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். நாங்கள் பார்த்தது அவர் கையால் ஓட்டிய ஓட்டம். யாரும் பக்கத்தில் இல்லாதபோது அது தானாக ஓடுமா என்பதை அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை.

அவர் செய்து வைத்தது இவ்வளவுதான். லேப்டாப்பில் விண்டோஸோடு வருகிற டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை: ராத்திரி பத்து மணிக்கு அன்றைய பில்களையும் ஸ்டாக்கையும் ஒரு பைலாக எடுத்து ஆன்லைன் போல்டர் ஒன்றில் போடுவது. கிளவுட் பக்கத்தில் இன்னொரு வேலை: பத்தரைக்கு அந்த போல்டரில் இருக்கிற பைலை உள்ளே ஏற்றிக்கொண்டு பச்சை டிக் போடுவது. இரண்டும் தனித்தனி வேலை. ஒன்று நின்றுபோனால் இன்னொன்றுக்குத் தெரியாது. இது எனக்குப் புரிந்தது செப்டம்பரில்.

முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் இடித்தது. பத்தரைக்கு ஓட வேண்டியது, திரையில் காலை 4 மணி என்று காட்டியது. கேட்டால் "சர்வர் லோடு சேட்டா" என்றார். லோடும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த சர்வரின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு பத்தரை என்றால் இங்கே விடிகாலை நாலு. பெங்களூரில் வேலை பார்க்கிற அக்கா மகள் பின்னால் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அதனால் எங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் என்று அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அடுத்தது, லேப்டாப் மூடி. எட்டரை மணிக்குக் கடை சாத்துகிற பெண் லேப்டாப்பை மூடிவிட்டுப் போவாள், அது தூங்கிவிடும். தூங்குகிற லேப்டாப்பை எழுப்பி வேலையை ஓட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. நேரம் தவறிவிட்டால் அடுத்து முடிந்தவுடனே ஓட்டு என்று இன்னொரு டிக் இருக்கிறது. இரண்டும் நாமாகப் போட்டால்தான் உண்டு. அவர் போடவில்லை. நாங்கள் கூப்பிட்ட பிறகும் அதைத் தொடாமல், நேரத்தை மதியம் ஒன்றரைக்கு மாற்றிவிட்டார். ஜூலையில் பொள்ளாச்சியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, பில்லும் போட்டார்கள், ஆனால் சிங்க் மட்டும் போகவில்லை. கரண்டில் இருந்தால் மட்டும் ஓடு என்கிற நிபந்தனை அதில் முன்கூட்டியே டிக் போட்டே வரும், எடுத்துவிட வேண்டும். அதையும் எடுக்கவில்லை. சரி, இதெல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் தவறியது, மறுநாள் சரியாகிவிட்டது.

உண்மையான அடி ஆகஸ்ட் 20-ம் தேதி. பொள்ளாச்சிக் கடையில் ஒரு பையன் வேலையை விட்டுப் போனான். பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியுமே என்று தம்பி லேப்டாப் பாஸ்வேர்டை மாற்றினான். செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் யாரும் உள்ளே நுழையாவிட்டாலும் ஓட வேண்டும் என்று அமைத்த வேலை, அமைத்த அன்றைய பாஸ்வேர்டைத்தான் நினைவில் வைத்திருக்கும். மாற்றினால் அங்கேயும் போய் மாற்ற வேண்டும். அதை எங்களுக்கு அவர் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து பொள்ளாச்சியிலிருந்து ஒரு பைல்கூட கிளம்பவில்லை.

இங்கே என்ன ஆயிற்று தெரியுமா? கிளவுட் பக்கத்து வேலை தினமும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, போல்டரில் கிடந்த அதே ஆகஸ்ட் 19 பைலை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டு, மறுபடி மறுபடி பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்தது. திரையில் 'கடைசி சிங்க்' என்ற இடத்தில் அன்றைய தேதி. நான் தினமும் காலையில் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

ஓணம் கழிந்த வாரம் எருத்தேம்பதியிலிருந்து ஒரு விவசாயி இரண்டரை இஞ்சு பைப் 110 லென்த் கேட்டார். பொள்ளாச்சியில் 140 இருப்பதாகத் திரை சொன்னது. அட்வான்ஸ் வாங்கினேன், அவரே டெம்போ பிடித்து அனுப்பினார். குடோனில் இருந்தது 12. டெம்போ வெறுமனே திரும்பி வந்தது. "என்னங்க இது, கம்ப்யூட்டர்ல இருக்குது, குடோன்ல இல்லீங்களா?" என்று கேட்டார். டெம்போ வாடகையை நான் கொடுத்தேன். அதோடு விட்டேனா? விற்றுவிட்டு பில் ஏற்றாமல் வைத்திருக்கிறாய் என்று தம்பியைச் சத்தம் போட்டேன். அவன் ஏற்றியிருக்கிறேன் என்றான், நான் நம்பவில்லை. திரையில் பச்சை டிக் இருக்கிறதே! மூன்று நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. 18,000 போனதைவிட எனக்கு இதுதான் இன்னும் உறுத்துகிறது.

உண்மையைக் கண்டுபிடித்தது ஆடிட்டர். ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி அறிக்கை வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களெல்லாம் அதில் இருக்கும். 15-ம் தேதி காலையில் கூப்பிட்டார். "பொள்ளாச்சியிலிருந்து உங்களுக்கு வந்த மூணு பில் 2பி-ல இருக்கு, உங்க பர்ச்சேஸ்ல இல்லையே, சரக்கு வரலையா?" சரக்கு வந்து இறங்கி, பாதி விற்றும் போயிருந்தது. பில் தானாக ஏறும் என்று நாங்கள்தான் கை வைக்காமல் இருந்தோம்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்ளலாம். இனி நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

சிங்க் அமைத்த ஆளுக்கு நான் போன் பண்ணியதும், அவர் ரிமோட்டில் (தன் இடத்திலிருந்தே நெட் வழியாக) பொள்ளாச்சி லேப்டாப்புக்குள் வந்தார். "ஒரு மினிட்டு சேட்டா, ரெண்டு சைடும் சமம் ஆக்கித் தராம்" என்றார். சமம் ஆக்கினார். எந்தத் திசையில் என்றால், இங்கிருந்து அங்கே. ஆகஸ்ட் 19-ல் உறைந்து கிடந்த கொழிஞ்சாம்பாறைக் கணக்கை எடுத்து, உயிரோடு இருந்த பொள்ளாச்சிக் கணக்கின் மேல் ஊற்றிவிட்டார். ஆகஸ்ட் 20 முதல் அன்று வரைக்குமான விற்பனை, ஸ்டாக், கடன் பாக்கி எல்லாம் ஒரே நொடியில் போனது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் "அண்ணா, பில் நம்பர் பின்னாடி போயிடுச்சு" என்று போனில் கத்தினாள்.

பேக்கப் எங்கே என்று கேட்டேன். சிங்க் இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு என்று ஜூனில் நிறுத்தியது அவர்தான். இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள்: சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் அழித்தால் அந்தப் பக்கமும் அழியும். பேக்கப் என்பது நேற்றைய நிலையை யாரும் தொடாமல் தனியே எடுத்து வைப்பது. ஒரு முப்பது நாளின் தனித்தனி காப்பி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடந்திருந்தால் அன்று சாயங்காலமே மீண்டிருப்போம்.

612 பில். இரண்டு பெண்களும் தம்பியும் ஐந்து ராத்திரி உட்கார்ந்து, பில்லின் இரண்டாம் காப்பிகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். காப்பி கிடைக்காத கடன் பில்கள் சில உண்டு. 14,300 ரூபாய் யாரிடமிருந்து வர வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

இனி வேண்டாம், கணக்கைக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் அடுத்தது தெரிந்தது. அந்த ஆன்லைன் போல்டர் அவருடைய மெயிலில் இருக்கிறது. கிளவுட் சாப்ட்வேரின் அட்மின் பாஸ்வேர்டும் அவரிடம். மாற்றித் தர 9,000 ரூபாய் கேட்டார். அதாவது என் கடைக் கணக்கை நான் எடுத்துக்கொள்ள அவருக்குக் காசு. வேறு வழியில்லாமல் பேசி 4,000-ல் முடித்தோம்.

இந்தக் குழப்பம் முழுவதிலும் ஒரு வேலை மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடியது. மாதம் 1,200 யுபிஐ ஆட்டோபே. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் மெசேஜும் வரும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் யுபிஐ பின் கேட்காது என்பதால் நாமும் கவனிப்பதில்லை. சண்டை போட்ட பிறகும் ஒரு மாதம் எடுத்துவிட்டார். உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்கிற இடத்துக்குப் போய் நாமே ரத்து செய்துவிடலாம், அவரைக் கேட்க வேண்டியதில்லை.

வழக்குப் போடலாமா என்று சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன் (ஆந்திரா சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்). 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் இருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் நாம் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிற கடை என்று காட்ட வேண்டியிருக்கும் என்றார். இரண்டு கடை, குடோன், ஆட்கள் என்று இருக்கிற எனக்கு அது எளிதில்லை. முதலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

இப்படி ஒன்றை நீங்கள் போடுவதாக இருந்தால், அவர் பட்டன் அமுக்கிக் காட்டுகிற அன்று பணத்தை முழுக்கக் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள். அந்த வாரத்தில் ஒரு பக்கம் ஒரு ரூபாய்க்கு பில் போட்டுவிட்டு, மறுநாள் மறுபக்கத்தில் அந்த பில்லைத் தேடுங்கள். டிக்கைப் பார்க்காதீர்கள், பில்லைப் பாருங்கள். ஒரு நாள் லேப்டாப்பை வேண்டுமென்றே மூடி வையுங்கள், ஒரு நாள் நெட்டைப் பிடுங்குங்கள். தவறினால் உங்கள் போனுக்குச் செய்தி வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மெயில் உங்கள் பெயரில், அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில். எந்தத் திசையில் எது எதன் மேல் எழுதப்படும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

இப்போது அக்கா மகள் புதிதாக அமைத்துக் கொடுத்திருக்கிறாள். பைலின் தேதி பழையதாக இருந்தால் ஏற்றாது, சிவப்பு காட்டும். இரண்டு பக்கமும் எத்தனை பில் என்று ராத்திரி என் போனுக்கு எண்ணிக்கை வரும். ஆனாலும் எட்டரைக்கு தம்பி போன் பண்ணுகிறான். ஸ்டாக் முழுக்கப் படிப்பதில்லை, கடைசி பில் நம்பர் மட்டும். நேற்று 5,318 என்றான். இங்கேயும் 5,318.