சட்டைப் பைக்குள் அடங்கும் நீர்வண்ணப் பெட்டி: ஓர் ஓவிய ஆசிரியரின் மதிப்பீடு

பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் ஒருவருக்குத் தமக்கென்று வரைந்துகொள்ளும் நேரம் மொத்தமாகக் கிடைப்பது அரிது. மின்சார ரயில் வரும்வரை நடைமேடையில் நிற்கும் சில நிமிடங்கள், தேர்வுக் கண்காணிப்பு முடிந்து அடுத்த பாடவேளை தொடங்கும் இடைவெளி, ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கித் திரும்பும்போது டீக்கடை பெஞ்சில் உட்காரும் சற்று நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால்தான் என் ஓவியப் பயிற்சி. வண்ணக் குப்பிகள், தட்டு, தண்ணீர்க் கிண்ணம் என்று கடை பரப்பி முடிப்பதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும் என்பதால், திறந்தவுடன் வேலை தொடங்கக்கூடிய ஒரு கையடக்கப் பெட்டி எனக்குத் தேவைப்பட்டது. பன்னிரண்டு வண்ண வில்லைகள் கொண்ட, மாணவர் தரத்திலான அத்தகைய பெட்டி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவதால், அதைப் பற்றி விரிவாக எழுத முடியும் என்று நினைக்கிறேன். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் விற்கின்றன. மூடியில் அச்சிட்ட பெயரைவிட உள்ளே இருக்கும் நிறமிகளும் மூடியின் வடிவமும்தான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதால், நிறுவனப் பெயரை விட்டுவிட்டு அவற்றையே பேசுகிறேன்.

பெட்டி வெள்ளைப் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே இரண்டு வரிசைகளில் ‘அரைப் பான்’ எனப்படும் சிறு கிண்ணங்கள் பொருந்தியிருக்கின்றன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. வண்ணம் தீர்ந்தால் கிண்ணத்தை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மூடியின் உட்புறமே வண்ணம் கலக்கும் தட்டாக அமைந்திருக்கிறது. நான் வாங்கியபோது விலை சுமார் 1,500 ரூபாய். குழந்தைகள் கொண்டுவரும் பள்ளிப் பெட்டிகளோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம்தான். தொழில்முறை ஓவியர்களுக்கான தரத்தோடு ஒப்பிட்டாலோ மிகக் குறைவு.

விலையில் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. எந்த நீர்வண்ணமும் நிறமித் தூளைக் கருவேல இனத்து மரத்தின் பிசினோடு குழைத்துச் செய்வதே. தரம் குறையக் குறைய நிறமியின் அளவு குறைந்து, வெறும் நிரப்புப் பொருள் கூடும். விலை உயர்ந்த கோபால்ட், காட்மியம் நிறமிகளுக்குப் பதிலாக வேறு நிறமிகளைச் சேர்த்து அதே சாயலைக் கொண்டுவந்து, பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று அச்சிடுவார்கள். அது ஏமாற்று வேலையன்று. எதை வாங்குகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் வழக்கமே. கவனிக்க வேண்டியது அதன் அருகே இருக்கும் நிறமிக் குறியீடு. பிபி29 என்றிருந்தால் அது அல்ட்ராமரீன் நீலம். மாணவர் தரத்திலும் பெரும்பாலும் அசல் நிறமியே கிடைக்கும், ஏனெனில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட பிறகு அதன் விலை இறங்கிவிட்டது. காவி வண்ணங்களும் மண்ணிலும் இரும்பு ஆக்சைடிலும் பிறப்பவை, ஆகவே அவையும் நம்பத்தக்கவை. பிஆர்83 என்ற குறியீட்டோடு வரும் அலிசரின் கிரிம்சன் மட்டும் வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறிவிடும். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு அது வேண்டாம்.

என் பெட்டியில் கறுப்பு இல்லை. வகுப்பில் முதன்முறை திறந்தபோது முன்வரிசைப் பையன் ஒருவன், “சார், கறுப்பு எங்க சார்? காக்காவுக்கு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்கிற சுட்ட காவியையும் அடர்த்தியாகக் கலந்தால் கிடைக்கும் கருமை, குழாயிலிருந்து வரும் எந்தக் கறுப்பையும்விட உயிருள்ளது. நீலத்தைச் சற்றுக் கூட்டினால் மழை நனைத்த தார்ச்சாலை, காவியைக் கூட்டினால் இஸ்திரி வண்டியின் கரிப்பெட்டி. காக்கையின் கழுத்து கறுப்பே இல்லை, சாம்பல் நிறம் என்பதை அந்த வகுப்பு அன்றுதான் சன்னலுக்கு வெளியே பார்த்து ஒப்புக்கொண்டது. இதே கலவையில் தண்ணீர் கூடும்போது அல்ட்ராமரீனின் துகள்கள் பிரிந்து காகிதத்தின் குழிகளில் மணிமணியாகத் தங்கும். பழைய சிமெண்டுச் சுவரை வரைய இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

பெட்டி திணறும் இடம் ஒன்று உண்டு: பூக்கடை. ரயில் நிலைய வாசலில் பூ கட்டும் அம்மாவின் கூடையை நான் அடிக்கடி வரைவேன். கதம்பத்தின் மரிக்கொழுந்துப் பச்சையும் சாமந்தி மஞ்சளும் சிரமமின்றி வந்துவிடுகின்றன. கனகாம்பரம் மட்டும் வருவதில்லை. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் பிரித்தறிய முடியாதபடி கலந்த அந்தப் பூவின் நிறத்தில் ஒரு ஒளி இருக்கிறது. மாணவர் தரச் சிவப்போடு மஞ்சளைச் சேர்த்தால் செங்கல் நிறம் வருகிறதே தவிர, அந்த ஒளி வருவதில்லை. இதற்காகவே தொழில்முறைத் தரத்தில் ஒரே ஒரு ஆரஞ்சு வில்லையைத் தனியாக வாங்கிச் சேர்த்தேன். மல்லிகைக்கு வண்ணமே தேவையில்லை. சுற்றிலும் நிழலைத் தீட்டிக் காகிதத்தின் வெண்மையை விட்டுவைத்தால் சரம் தானாகத் தெரியும்.

பெட்டியோடு வரும் குட்டித் தூரிகை இந்த வாங்குதலின் மிகப் பலவீனமான அம்சம். கைப்பிடி குட்டையானது; முனை சில வாரங்களில் இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்குப் பதிலாக, பிடியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ் ஒன்றை வைத்திருக்கிறேன். ஓடும் ரயிலில் தண்ணீர்க் கிண்ணம் தேவையில்லை என்பது அதன் பெரிய வசதி. அழுத்தம் சற்றுக் கூடினால் தேவைக்கு மேல் தண்ணீர் இறங்கி வண்ணம் நீர்த்துப்போகும் என்பதால், இடது கையில் பழைய வேட்டித் துண்டு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மூடியில் உள்ள குழிகளும் சிறியவை. வானத்துக்கு வேண்டிய அளவு வண்ணத்தை ஒரே தடவையில் கலக்க இயலாது. அஞ்சலட்டை அளவைத் தாண்டி வரைய நினைப்பவர்கள் இந்தப் பெட்டியைத் தவிர்த்துவிடலாம்.

விடுமுறை நாட்களில் எனக்குப் பிடித்த இடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய நிறுவனம் அது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கூடங்களுக்குள் தண்ணீரும் வண்ணமும் கொண்டுபோவது முறையல்ல. உள்ளே பென்சில் மட்டும், வெளியே வந்து மரநிழலில் உட்கார்ந்தபின் வண்ணம் என்பது நானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. இந்த இடைவெளியே நல்ல பயிற்சி என்பேன். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனியில் வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்று. இடுப்பு ஒரு பக்கம் நேராக இறங்க, மறுபக்கம் வளைந்து வெளிவருகிறது. பென்சிலால் அந்த எல்லைக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சுட்ட காவியும் நீலமும் துளிப் பச்சையும் சேர்த்து உலோகத்தின் கருமையை நினைவிலிருந்து தீட்டும்போது, கண் எதைக் கவனித்தது, எதைத் தவறவிட்டது என்பது தெரிந்துவிடும். அதே அருங்காட்சியகத்தில் உள்ள, ஆந்திரத்தின் அமராவதியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களில், நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கும் வட்டச் சிற்பம் இதற்கு நேர் எதிரானது: ஒரே வட்டத்துக்குள் ஒரு பக்கம் மதங்கொண்டு ஓடும் யானை, மறுபக்கம் புத்தரின் முன் பணியும் அதே யானை, மேலே மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்கள். அங்கே வண்ணத்துக்கு வேலை குறைவு. நீர்த்த காவி ஒரு பூச்சுப் போதும், மற்றதெல்லாம் கோடுதான். கோயில்களுக்கே நேரில் சென்று சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்த ஓவியர் சில்பியின் கோடுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இனி, இந்த மதிப்பீட்டில் நான் வலியுறுத்த விரும்பும் ஒன்று: வண்ணத்தில் மிச்சம் பிடித்துக் காகிதத்தில் செலவிடுங்கள். இதே மாணவர் தரப் பெட்டியை, மரக்கூழால் செய்த மெல்லிய ஓவியத் தாளில் பயன்படுத்தினால் தாள் சுருண்டு, வண்ணம் திட்டுத்திட்டாக உலர்ந்து, பெட்டியே மட்டம் என்று தோன்றும். முழுப் பருத்தியாலான 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) காகிதத்தில் அதே வண்ணம் ஒரு பூச்சின் மேல் இன்னொன்று நிற்கும், தேவைப்பட்டால் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுக்கவும் முடியும். அத்தகைய காகிதத்தின் விலை மிரட்டக்கூடியதுதான். ஆனால் 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளை நான்குக்கு நான்காக வெட்டினால், 14க்கு 19 அளவில் பதினாறு துண்டுகள் கிடைக்கின்றன. இந்தப் பெட்டிக்கு ஏற்ற அளவும் அதுவே. வகுப்பில் மாணவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து, அவர்கள் கொண்டுவரும் மலிவான கேக் கலரையே தீட்டச் சொன்னபோதும் வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. ஆகவே பெற்றோர் கேட்டால், பெட்டியை மாற்ற வேண்டாம், தாளை மாற்றுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தைப் பற்றி விற்பவர்கள் பேசுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈர வில்லைகளோடு பெட்டியை மூடி வைத்தால் இரண்டொரு நாளில் வெண்பூஞ்சை படர்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் திறந்து, மின்விசிறியின் கீழ் இரவு முழுவதும் காயவிடுவதே வழி. கோடையில் இதற்கு மாறான தொல்லை: வில்லைகள் கெட்டிப்பட்டுச் சில விளிம்பில் வெடிக்கின்றன, வரையத் தொடங்குமுன் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்றுப் பொறுத்தால் இளகிவிடும்.

பன்னிரண்டில் ஒன்றை மட்டும் முற்றிலும் வீண் என்பேன்: சைனீஸ் ஒயிட் என்ற துத்தநாக வெள்ளை. மற்ற வண்ணங்களோடு சேர்ந்தால் அவற்றின் தெளிவைக் கெடுத்துப் பாலாடை படிந்தாற்போல் ஆக்கிவிடும். தனியாகத் தீட்டினாலோ உலர்ந்தபின் பாதி மறைந்துவிடும். என் பெட்டியில் அந்த இடத்தில்தான் இப்போது கனகாம்பர ஆரஞ்சு இருக்கிறது. முதலில் தீர்ந்துபோவது அல்ட்ராமரீன். காலிக் கிண்ணத்தில் டியூப் வண்ணத்தைப் பிதுக்கி, காற்றுக்குமிழ் இல்லாதபடி குச்சியால் கிளறிச் சில நாட்கள் உலரவிட்டால், புதிய வில்லை வாங்குவதைவிடச் செலவு குறைவாகவே ஆகிறது.