மூன்றடி வாசலுக்கு எந்தக் கோலம்?

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. வாசல் என்று சொல்லிக்கொள்ள இருப்பது, கதவுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே மூன்றடிக்கு இரண்டடி வழவழப்பான டைல்ஸ். சாணி தெளிக்க வழியில்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் எதிர்வீட்டுச் செருப்பைப் போய் நனைக்கும். மனைவிக்குக் காலை ஷிஃப்ட், ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். அதனால் நாலு வருஷமாகக் கோலம் போடுவது நான். நாற்பது வயதுக்கு மேல், அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட வித்தை. இதற்குள் ஸ்டிக்கர், அச்சுத் தட்டு, சாக்பீஸ், கல்மாவு, அரிசிமாவு, ஈரமாவு என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எது எந்த நாளுக்கு ஒத்துவரும் என்பதில் எனக்கென்று சில பிடிவாதங்களும் வந்துவிட்டன.

ஸ்டிக்கரிலிருந்து ஆரம்பிக்கிறேன், நாங்களும் அதில்தான் ஆரம்பித்தோம். குடிவந்த வாரமே ஒன்று வாங்கி ஒட்டினோம். ஒன்றரை அடிச் சதுரம், நடுவில் தாமரை, நாலு மூலையிலும் குத்துவிளக்கு. முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. பத்து நாளில் அதை நான் பார்ப்பதே நின்றுபோனது. செருப்பு ஸ்டாண்டு மாதிரி அதுவும் ஒரு சாமான். மூன்று மாதத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. வெளியே வந்த பசையில் தூசி அப்பி, வெள்ளைத் தாமரைக்குக் கறுப்பு பார்டர் வந்தது. தீபாவளிக்கும் அதே தாமரை, ஆடி வெள்ளிக்கும் அதே தாமரை. பாட்டி தவறிப்போன அன்றுதான் உறைத்தது. துக்கம் நடந்த வீட்டில் கோலம் போடமாட்டார்கள், வாசல் வெறுமையாகக் கிடப்பதே அக்கம்பக்கத்துக்குச் சேதி. ஸ்டிக்கருக்கு அது எங்கே தெரியும்? துக்கம் கேட்க ஆட்கள் வருவதற்குள் அவசரமாக ஒரு மிதியடியை எடுத்து அதன்மேல் போட்டேன்.

அதற்காக ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களைப் பார்த்து நான் முகம் சுளிக்கமாட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்கத் தெருவை அடைத்துக் கோலம் போட்டவர். இப்போது ஸ்டிக்கர்தான். கதவைத் திறந்துவைத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, மூணாவது வரிசையில ஒரு புள்ளி விட்டுப்போச்சு பாருங்க" என்று எனக்குச் சொல்வது அவருடைய காலை வேலை. அவருக்கு அது போதும் என்கிறார். எனக்கும் அவர் வேண்டியிருக்கிறது.

அச்சுத் தட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துளை போட்ட தட்டில் மாவைக் கொட்டித் தேய்த்தால் கீழே கோலம் விழும். தட்டை எடுக்கிற நொடியில் ஓரத்து மாவெல்லாம் சரிந்து பாதிக் கோலத்தை மூடும். உருட்டுகிற குழாய் பரவாயில்லை, பார்டர் இழுக்க உதவும். இரண்டுமே இப்போது என் மகளின் விளையாட்டுச் சாமான்.

அப்புறம் சாக்பீஸ். இதை மட்டமாக நினைத்திருந்தேன், ஆனால் டைல்ஸ் வாசலுக்கு இதுதான் பெரிய சமாதானம். காய்ந்த சாக்பீஸ் டைல்ஸில் பிடிக்காமல் வழுக்கும். ஒரு கிண்ணம் தண்ணீரில் முனையை நனைத்துக்கொண்டு போட்டால் போதும். போடும்போது கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் இருக்கும். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தப்பினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். பறக்காது, எறும்பு வராது, வழுக்காது. குறை என்னவென்றால், கோட்டுக்கு உடம்பே இருக்காது. பள்ளிக்கூடப் பலகை மாதிரி தட்டையாகத் தெரியும்.

சிக்குக்கோலம் பழகுகிறவர்களுக்குச் சாக்பீஸைத்தான் சொல்வேன். மாவில் போடும்போது கை நின்றால் கோடும் நின்றுவிடும், பழகாதவன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அதோடு மறந்துவிடுவான். சாக்பீஸில் நிதானமாக யோசித்துக்கொண்டே புள்ளியைச் சுற்றிப் போகலாம். சில சிக்குக்கோலங்கள் ஒரே இழையில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று இழை வேண்டும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலானோர் 1970-களிலேயே இதைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோய், கோலத்துக்கு இலக்கண விதி எழுதினார்கள். என் அம்மாவுக்கு இந்தச் சேதியைச் சொன்னபோது, "விதி என்னடா விதி, புள்ளியை முட்டாம போ" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு விதிதான்.

மாவுக்கு வருவோம். கடையில் 'கோலமாவு' என்று விற்பது பெரும்பாலும் கல்மாவு. சுண்ணாம்புக்கல், டோலமைட், வெங்கச்சங்கல் மாதிரியான வெள்ளைக் கற்களை அரைத்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. மணல் மாதிரி கனம், அதனால் விரலிடுக்கில் தானாக இறங்கும், லேசான காற்றுக்கு அசையாது. கற்றுக்கொள்கிற கைக்கு மிகவும் நல்லது. "கிள்ளாதே, விடு" என்று அம்மா போனில் கத்தியது எனக்குக் கல்மாவில்தான் புரிந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் மாவை அழுத்திப் பிடிக்கக்கூடாது. நடுவிரல் அண்டக்கொடுத்திருக்க, மாவு தானாக வழிய வழி விட்டால் போதும். கை போகிற வேகம்தான் கோட்டின் தடிமன்.

ஆனால் டைல்ஸ்மேல் கல்மாவு ஆபத்தும்கூட. சாக்ஸ் போட்ட காலோடு மகள் ஓடிவந்து ஒருநாள் சறுக்கி விழுந்தாள். அதிலிருந்து கதவைத் திறந்ததும் முதல் அடி விழுகிற இடத்தில் நான் மாவுக்கோலம் போடுவதில்லை, ஒரு பக்கமாக ஒதுக்கிப் போடுகிறேன். டப்பாவில் கொட்டும்போது புகை மாதிரி எழும்பும் தூசி மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், அது கல்தூள். பெருக்கிய மாவைப் பாத்ரூமில் கொட்டவும் கூடாது, அடியில் போய்ப் படிந்து குழாயை அடைக்கும்.

அரிசிமாவுக் கோலத்தின் வெள்ளையே வேறு, கொஞ்சம் பால் கலந்த வெள்ளை. கண்ணைக் கூசாது. எறும்புக்குச் சோறு போடுகிற கோலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அம்மா வீட்டு மண்வாசலில் அது சத்தியம். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் இழைகளில் ஓட்டை விழுந்திருக்கும், எறும்புகள் ஆளுக்கொரு குருணையோடு போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது மாடியில் கதை வேறு. எறும்புகள் கோலத்தோடு நிற்காமல் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, சமையலறை மேடை ஏறி, சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டன. அம்மாவிடம் புலம்பினால், "வந்துச்சா? வந்தா நல்லதுதானே" என்கிறார். சர்க்கரை அவருடையதாக இருந்தால் தெரியும்.

இதற்கு மாவும் பார்த்து வாங்க வேண்டும். இடியாப்ப மாவு உதவாது. ரொம்ப நைசு, விரல் வியர்வையில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக விழும். பச்சரிசியை மில்லில் கொடுத்து, கோலத்துக்கு என்று சொல்லிக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து வாங்கினால்தான் கோடு ஓடும். அரிசிமாவு என்று சொல்லிக் கல்மாவைத் தலையில் கட்டுவதும் உண்டு. எனக்கே நடந்தது, இரண்டு கிலோ. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கி அடுப்பில் வையுங்கள். அரிசி என்றால் கஞ்சியாகக் கெட்டிப்படும். கல் என்றால் எத்தனை கொதித்தாலும் அடியில்தான் கிடக்கும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அரிசிமாவு கட்டிதட்டும். அந்த மாதங்களில் பாதிக்குப் பாதி கல்மாவு கலந்துகொள்கிறேன். எறும்பு கொஞ்சம் ஏமாறும், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஈரமாவில் போடுகிற இழைகோலம். இதைத் தினமும் போட முடியாது, அதனாலேயே பிடிக்கிறதோ என்னவோ. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்துக்கொள்ள வேண்டும். பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை அளவு கிழித்து அதில் நனைத்து, கைக்குள் வைத்து மெல்ல அழுத்தினால், மாவு மோதிரவிரல் வழியாக இறங்கி நுனியில் சொட்டாக நிற்கும். அந்தச் சொட்டைத் தரையில் வைத்து இழுப்பதுதான் கோலம். ஈரம் இருக்கும்வரை தண்ணீர்க் கோடுதான். கால்மணி நேரத்தில் ஒரு முனையிலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். முதல்முறை போட்ட பொங்கலன்று, அந்த வெளுப்பு நடுப்பூவிலிருந்து ஓரம்வரை போவதை மகளும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம். பொங்கல் பானையை மறந்துவிட்டோம், அது தனிக்கதை.

சிமெண்ட் தரையில் இழைகோலம் இரண்டு மூன்று நாள் நிற்கும். டைல்ஸில் நிற்காது, காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்துவிடும். இதற்கு நான் கண்டுபிடித்த வழி, கல்கடையில் மிச்சம் விழுந்த இரண்டடிக் கடப்பாக்கல். கறுப்புக் கல்லில் வெள்ளை இழை, சுற்றிலும் காவி. விசேஷ நாளில் கதவுப் பக்கமாகச் சாய்க்காமல் தரையிலேயே போட்டு வைத்தால், தெருவாசலே மேலே ஏறி வந்தது போல இருக்கும். கனம்தான் பிரச்சினை. கல்லைத் தூக்கப்போய் ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தேன்.

கலர்ப்பொடி பற்றி மட்டும் கேட்காதீர்கள். டைல்ஸ் இணைப்பில் இறங்கிய ரோஸ் சாயம் இன்னும் போகவில்லை.

ஆக, என் வாசலில் இப்போது வாரநாள் சாக்பீஸ், வெள்ளிக்கிழமை அரிசிமாவு, பண்டிகைக்குக் கடப்பாக்கல். மார்கழியில் சாணி உருண்டையும் பறங்கிப்பூவும் வைக்க லிஃப்ட் வாசலில் தைரியம் வரவில்லை, களிமண் உருண்டையில் ஒரு செவ்வந்தி செருகுகிறேன். தனி வீடு, சிமெண்ட் முற்றம் என்றால் சாக்பீஸ் பக்கமே போகாதீர்கள், தினமும் அரிசிமாவே போடலாம். காலையில் பத்து நிமிஷம்கூட இல்லை என்பவர்களுக்கு ஐந்து புள்ளிக் கோலம் இருக்கிறது. இடைப்புள்ளி, அதாவது ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி. நடு வரிசை 5-ல் தொடங்கி இரு பக்கமும் 4, 3 என்று குறைத்து 3-ல் முடிப்பது, மொத்தம் 19 புள்ளி. பழகிவிட்டால் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

அந்த ஸ்டிக்கரைப் போன வருஷம் தேங்காயெண்ணெய் தடவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டுச் சுரண்டி எடுத்தேன். தாமரை போய்விட்டது. அது இருந்த இடம் மட்டும் சுற்றியுள்ள டைல்ஸைவிடக் கொஞ்சம் வெளுத்த சதுரமாக நிற்கிறது, என்ன தேய்த்தும் போகவில்லை. மூன்று விரல் இடைவெளி விட்டு வைத்தால், புள்ளிக்கு நேராகவே புள்ளி வைக்கிற நேர்ப்புள்ளி, 7-ல் தொடங்கி 1-ல் முடிகிற கோலம் அதற்குள் அளவெடுத்தாற்போல் அடங்குகிறது.