ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி: நடுவில் நிற்கும் 8 ஜிபி கார்டு

கேமிங்குக்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் மேசையில் இருக்கும் மானிட்டரைத்தான். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம். எனவே முதல் திரைக்குத் தாராளமாகப் போதும் கார்டு, இரண்டாவதில் திணறக்கூடும்.

ஏஎம்டி 2021 அக்டோபரில் 329 டாலருக்கு வெளியிட்ட ஆர்எக்ஸ் 6600, பின்னர் விலை இறங்கிச் சிக்கனப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. 8 ஜிபி நினைவகமும் 128 பிட் பஸ்ஸும் (சிப்பையும் நினைவகத்தையும் இணைக்கும் தரவுப் பாதை) கொண்ட இதற்கு 132 வாட் மின்சாரமும் 450 வாட் பவர் சப்ளையும் போதும். வேலரன்ட் போன்ற விளையாட்டுகள் 1080பி-யில் இதற்கு ஒரு சுமையே அல்ல. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் காட்டும் ரே டிரேசிங்கை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. இதற்கும் கீழே இறங்கி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை வாங்குவது சிக்கனம் ஆகாது: 4 ஜிபி நினைவகம், கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ லேன்கள் நான்கே, விளையாட்டைப் பதிவுசெய்ய வீடியோ என்கோடரும் கிடையாது.

2023 செப்டம்பரில் 449 டாலருக்கு வந்த ஆர்எக்ஸ் 7700 எக்ஸ்டி-யில் 12 ஜிபி நினைவகமும் 192 பிட் பஸ்ஸும் உள்ளன. நினைவக அலைவரிசை, அதாவது நினைவகம் தரவைப் பரிமாறும் வேகம், 6600-இன் விநாடிக்கு 224 ஜிபியிலிருந்து 432 ஜிபியாக உயர்கிறது. 1440பி மானிட்டர் உள்ளவருக்கு என் பரிந்துரை இதுவே. ஆனால் இது 245 வாட் கார்டு. ஏஎம்டி பரிந்துரைப்பது 700 வாட் பவர் சப்ளை என்பதால், அதை மாற்றும் செலவையும் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவில், 399 டாலருக்கு வெளிவந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபி கார்டுதான் பலரையும் குழப்புகிறது. சிப் வேகமானது, மின்செலவு 160 வாட்தான், இடைப்பட்ட ஃபிரேம்களை ஏஐ மூலம் உருவாக்கிச் சேர்க்கும் டிஎல்எஸ்எஸ் 3-இன் ஃபிரேம் ஜெனரேஷன் வசதியும் உண்டு. ஆயினும் நினைவகமும் பஸ்ஸும் 6600-இல் இருக்கும் அதே 8 ஜிபி, 128 பிட்தான். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தை உச்சத்தில் வைத்து அந்த 8 ஜிபி நிரம்பிவிட்டால், மிஞ்சியவை பிசிஐஇ வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. கார்டுக்கு எட்டு லேன்களே இருப்பதால், பிசிஐஇ 4.0 இன்றி 3.0 மட்டுமே உள்ள பி450 போன்ற மதர்போர்டுகளில் அந்த வழியின் வேகமும் பாதியாகிவிடுகிறது. அப்போது சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கேமராவைச் சட்டெனத் திருப்பும்போது ஏற்படும் திக்கலை மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் 1% லோ எண்தான் காட்டிக்கொடுக்கும். ஃபிரேம் ஜெனரேஷனும் நினைவகத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டே மாதங்களில் அதே சிப்பை 16 ஜிபியுடன் 499 டாலருக்கு என்விடியாவே வெளியிட்டது. 8 ஜிபி பதிப்பின் குறை எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.